முழுசாகச் சொன்ன வருஷம்

"பிறந்த வருஷம் வாயால சொல்லணும். பேப்பர் ஒண்ணும் வேண்டா," என்றார் ஜிதின், எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த ஆபீசர்.

காலையில் பேர் வாசிக்கும் மஸ்டர் கொட்டகையில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். ஆபீசருக்குப் பக்கத்து நாற்காலியில் நான்.

பழைய ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது. ஆதாரைப் பார்த்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் மொத்தமும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறது. ஐம்பத்தெட்டு முடிந்தவர் யார் என்று சொல்ல, பேரேடு எழுதி ரிட்டையரான ரைட்டரான என்னை ஜீப் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

ஜீப் அனுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மந்திரிக்குக் கூட வண்டிப்பெரியாரில் ஆட்டோதான்.

இந்த மலையில் நானூறு பேருக்குப் பிறந்த வருஷம் கொடுத்தவன் நான். மை இறங்காத ஒரே பேனாவால் கொடுத்தேன். மாதாவுக்கு அடுத்தபடி பிரசவம் பார்த்தது நான்தான்.

அதனால் என் காது மோப்ப நாய். வருஷத்தைச் சொல்லும் விதத்திலேயே பொய்யைப் பிடித்துவிடும்.

ஐம்பத்தெட்டு முடிந்தால் பேர் வெட்டு, வேலை போச்சு. பேர் வெட்டினால் லயத்து வீட்டின் சாவியையும் கொடுக்க வேண்டும். பின்னே யார்தான் வயதைக் குறைக்க மாட்டார்கள்?

முதலில் செபாஸ்டின்.

"அறுவத்தி ஒம்பது... இல்ல, எழுவதா... பாலம் ஒடஞ்ச வருசம் சார். எங்கம்மா என்னை வயித்துல வச்சுக்கிட்டே ஆத்தத் தாண்டுனாளாம்."

"உண்மை," என்றேன். உண்மையான வருஷம் தட்டுத் தடுமாறித்தான் வரும். கூடவே மழை, பாலம், மாடு என்று எதையாவது இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்து இன்னாசிராஜ். நெஞ்சை நிமிர்த்தி, "நைன்டீன் செவன்ட்டி டூ," என்றான்.

இங்கிலீஷில் வந்தால் அது மகன் சொல்லிக் கொடுத்தது.

"ஏலே ராசு, ஒன் ஞானஸ்நானச் சோத்தத் தின்னவன்டா நான். அஞ்சு வருசத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

கொட்டகை சிரித்தது. இன்னாசிராஜும் சிரித்துவிட்டான். ஆபீசர் என்னைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஏழாவதாக வந்தவள் செபமாலையம்மாள். கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்றாள். மகள் ஜெஸ்னா நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வரிசையில் வயதைக் குறைக்க இவளைவிடக் காரணம் உள்ளவர் யாரும் இல்லை.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி..." என்று நிறுத்தி, "அறுவத்தி ஏழு," என்றாள்.

தடுமாற்றம் இல்லை. மழை இல்லை, மாடு இல்லை. கோர்ட்டில் வக்கீல் சொல்லிக் கொடுத்த சாட்சி மாதிரி முழு வருஷம்.

பொய்.

ஆனால் கூட்டிப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. பேர் வெட்டு. வீடும் போகும். தன் கழுத்துக்குத் தானே கத்தி வைக்கும் பொய்யை இந்த மலையில் நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தேகம் முற்றியது. இதில் பெரிய திருட்டு ஏதோ இருக்க வேண்டும்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி..."

அதே இடத்தில் அதே நிறுத்தம்.

ஒரு பேனாவை உதறும் நேரம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் இப்படித்தான் தரையைப் பார்த்து நின்றாள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது நிழல் மரம் விழுந்து அவள் அப்பன் செத்து மூன்றாம் நாள். வீட்டில் பதினெட்டு நிறைந்த ஒருவர் வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் தாயும் பிள்ளைகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் ஒரு வருஷத்தைச் சொல்லிச் சொல்லி எழுதினேன். நடுவில் பேனாவை உதறினேன். அதைப் பத்துத் தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். "யார் எப்பக் கேட்டாலும் இதான். மாத்துன, ரைட்டருக்குக் கம்பிதான்," என்றேன்.

அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

"எந்தா ரைட்டர் சாரே, உண்மையா பொய்யா?" ஆபீசரின் பேனா காத்திருந்தது.

"பொய்."

அவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சு வயசு கூட இருக்கு சார். கூட்டினது நான்."

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆபீசர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். அதன் தலையில் என் பேரை எழுதினார்.

"இது நடந்தது எந்த வருஷம்?"

"எம்பத்தஞ்சு..." என்றேன். "இல்ல, ஆறா... மழ சார். அன்னைக்கு முழுக்க மழ."