கொக்கின் முதுகு

"மீனைத்தான் ஐஸ்ல வெப்பாங்கன்னு நினைச்சேன். மூத்திரத்தையுமா வெப்பாங்க?" என்றார் மெஷின்காரர்.

மருத்துவமனையின் சலவைக்கூடமே சிரித்தது. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

செய்தி காலையிலேயே எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. ஊர் அணியின் ஓட்டக்காரி, அந்த நீளக் கால்களுக்காக ஊரே செல்லமாகக் கொக்கு என்று கூப்பிடுகிறவள், ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டாள். புதிதாக எடுத்த சோதனையில் பிடிபட்டதோடு விடவில்லை. வருடக்கணக்காகக் குளிர்பெட்டியில் கிடந்த அவளுடைய பழைய சிறுநீர் மாதிரிகளையும் வெளியே எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எந்தெந்த வருடத்து வெற்றிகள் செல்லாது என்று இன்றைக்குள் சொல்லிவிடுவார்களாம்.

நேற்று வரை அவள் படத்தைப் போனின் முகப்பில் வைத்திருந்த மெஷின்காரர்தான் இன்று அவளைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆனால் கொக்கு என்று வந்துவிட்டால் உள்ளூர்க்காரர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஊர் அணி எங்கே ஓடினாலும் லீவு போட்டுவிட்டுப் போவாள். தொண்டை கட்டத் திரும்பி வருவாள். கொக்குக்காகத்தான் என்னையே கட்டிக்கொண்டாள் என்று அவள் கணவர் சொல்லிக் காட்டுவதுண்டு. அதில் பாதி உண்மையாக இருக்கலாம்.

"இந்த வருஷம் தின்னிருக்கலாம்ண்ணே. முட்டி தேஞ்சு போச்சு, வயசும் ஆச்சு. டீம்ல இடம் போயிடுமேன்னு பயந்திருப்பா. ஆனா அந்த எண்ணூறு மீட்டர் பைனல் இருக்கு பாருங்க, அதுல கள்ளம் கிடையாது."

விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த சின்னவளுக்கு அந்த பைனல் தெரியாது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

அக்கா சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது கை தானாக மடித்தது. முனையோடு முனை சேர்க்க இருவரும் எதிரெதிரே நடந்து வருவார்கள், கைமாற்றுவார்கள், விலகுவார்கள். இன்று அக்கா மட்டும் வேகமாக வந்தாள்.

கொக்கின் முதுகில் குத்தியிருந்த எண் அட்டையின் ஒரு மூலையில் ஊக்கு கழன்றுவிட்டது என்றாள். ஓடுகிற ஓட்டத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கு அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது சுற்றில் காற்று எதிரே வந்தபோது லேசாகத் தலையைத் தாழ்த்தினாள். மூச்சு மட்டும் மாறவே இல்லை, தறி ஓடுவதுபோல ஒரே சீர். கடைசி வளைவில் எல்லோருக்கும் கால் கனத்துவிடும். அங்கே அவள் தோள் இறங்கியது, முழங்கை உள்ளே போனது, அவ்வளவுதான், போய்விட்டாள்.

"அப்படி ஒரு ஓட்டத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லடி."

சின்னவள் விரிப்பை மறந்து நின்றாள். "மூச்சு சத்தமெல்லாம் கேட்டுச்சாக்கா? எங்க இருந்து பார்த்தீங்க?"

"ரொம்பக் கிட்டக்க."

மெஷின்காரர் உதட்டைப் பிதுக்கினார். அக்கா அவரைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கொக்கு என்ன வேண்டுமானாலும் செய்து தொலைத்திருக்கட்டும், எத்தனை வெற்றி வேண்டுமானாலும் போகட்டும், அந்த ஒரு ஓட்டம் மட்டும் செல்லாது என்று சொல்லிவிடக் கூடாது. காலையிலிருந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள். விரிப்பை விடவில்லை. எதிர்முனையில் பேசியவர் தடகளச் சங்கத்தின் செயலாளர் என்றார். ஒரு வருடத்தைச் சொன்னார். அந்த வருடத்து எண்ணூறு மீட்டர் இறுதிப் போட்டியின் முடிவு ரத்து என்றார்.

அக்காவின் கையிலிருந்து ஒரு முனை நழுவியது. ஈரத் தரையில் விழுந்த துணியை யாரும் எடுக்கவில்லை.

"வாழ்த்துகள் மேடம். ரெண்டாவதா வந்த நீங்கதான் இப்ப முதல்."

சின்னவளுக்கு அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அன்று மேடையின் இரண்டாம் படியில் நின்று, மேலே நின்றவளை அண்ணாந்து பார்த்துக் கை தட்டியது நினைவுக்கு வந்தது. அந்த வேகத்தில் அக்கா அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. முன்னால் அந்த முதுகு போய்க்கொண்டிருந்ததால் ஓடினாள். அதை எந்தச் சங்கம் ரத்து செய்ய முடியும்?

செயலாளருக்கு அவசரம். விழா வைக்கிறார்களாம். மெடலை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாளா, இல்லை கூரியரில் அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

"நேர்லயே வர்றேன் சார்," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவங்களையும் கூப்பிட்டிருக்கீங்களா?"

"யாரை மேடம்?"

"ஜெயிச்சவங்களை."