தம்பியின் படகு
அப்போ என்ற சிறு தீவின் கரையோரம் மோட்டாரை நிறுத்தியதும் படகு மெல்ல ஆடுகிறது. கீழே பவளப்பாறைகள் மேல் வெயில் வலைவலையாய் நெளிகிறது. தான் செபு நகரத்தில் பிறந்தவள் என்று அலுவலகத் தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கும் லுர்டித்தா, படகோட்டியின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்க்கிறாள். படகோட்டி அவளுடைய தம்பி நெஸ்டர். அவன் முட்டி போட்டு அவளுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டுகிறான். பட்டையில் சிக்கிய முடியை வலிக்காமல் எடுத்துவிடுகிறான். “ஏய், இவன் மூக்கும் உன் மூக்கும் ஒரே அச்சுடீ! சொந்தக்காரனா?” என்று தோழி கிரேசில்டா கலாய்க்க, படகே சிரிக்கிறது. லுர்டித்தாவும் சிரிக்கிறாள். “நீங்க வேற மேடம், இவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்கிறான் நெஸ்டர், பட்டையை இறுக்கியபடி. பிறகு அக்காவிடம், “பயப்படாதீங்க மேடம். வாயால மூச்சு விடுங்க, போதும்” என்கிறான். இந்தக் கடலில்தான் அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவள், புதிதாய்க் கேட்பவள் போலத் தலையாட்டுகிறாள்.