பதினோராவது கருவி

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் கைப்பேசி அப்டேட் நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு அவருக்குச் செஸ் ஆட்டம்.

போனை அப்டேட் செய்யாமல் செஸ் செயலி திறக்காது என்ற அறிவிப்பு அன்று காலைதான் திரையில் வந்திருந்தது.

எதிராளி அவருடைய சம்பந்தி. இருப்பது நேர் கீழ்வீட்டில்.

நேரில் ஆடும் வழக்கம் போன வருடமே நின்றுவிட்டது. எடுத்த காயைத் திரும்ப வைக்கலாமா என்ற விவாதத்தில் குதிரை ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போனது. அதிலிருந்து ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் உட்கார்ந்து இணையத்தில் ஆடுகிறார்கள்.

ஆறு வாரமாகச் சம்பந்திதான் ஜெயிக்கிறார். தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தால் கோப்பை அவருக்கே நிரந்தரம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் தோல்வி. இந்த இரண்டு விதிகளையும் எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக் கொடுத்தவர் அளவையர்தான்.

"மாப்ள, என் மானம் இப்ப உங்க கையில இருக்கு."

மாப்பிள்ளை ஒரு மருத்துவமனையின் நானூறு கணினிகளைக் கட்டி மேய்ப்பவர். மடிக்கணினியைத் திறந்து, இணையம் எவ்வளவு வேகம் என்று அறிய பிங் போட்டுப் பார்த்தார். வழக்கமாகப் பன்னிரண்டு மில்லி விநாடியில் திரும்பும் பதில், தொள்ளாயிரத்து நாற்பதில் ஆடி அசைந்து வந்தது.

மாமனார் சும்மா இருக்கவில்லை. பழைய அளவு நாடாவை எடுத்துப் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே பிடித்தார்.

"பதினொன்றரை அடி. நடுவுல ஒரு சுவரு, ஒரு ஃப்ரிட்ஜ், உங்க அத்தை."

"என்னையும் அளந்தாச்சா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

தூசி படாமலிருக்க மாமியார் ரவுட்டருக்குப் போர்த்தியிருந்த துண்டு அகற்றப்பட்டது. முன்னேற்றம் இல்லை.

ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள். அப்டேட் நாற்பத்து மூன்றுக்கு நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது.

கீழ்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

"பாருங்க, வார்ம்-அப் பண்றார்," என்றார் மாமனார்.

இனி வீட்டில் இணையம் குடிக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்துவதென்று முடிவாயிற்று. தொலைக்காட்சி போனது. மாப்பிள்ளையின் மனைவியின் கணினி போனது. மாமியாரின் டேப்லெட்டில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் போனது.

"கொலை பண்ணினது யாருன்னு சொல்ல அவன் வாயத் தொறந்தான். அதுக்குள்ள புடுங்கிட்டீங்களே!"

பிங் தொள்ளாயிரத்துப் பத்து.

பதினொன்று முப்பத்து நான்குக்கு மாப்பிள்ளை ரவுட்டருக்குள் நுழைந்து, அன்று காலை இணைந்த கருவிகளின் பட்டியலை எடுத்தார்.

வீட்டில் இருப்பவை பத்து. பட்டியலில் பதினொன்று.

பதினோராவது கருவி மொத்த இணைப்பையும் ஒரே வாயாக இழுத்துக்கொண்டிருந்தது. அதன் பெயரைப் படித்ததும் மாப்பிள்ளை மடிக்கணினியைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரு அது?" என்றாள் மனைவி.

"பேரு தெரியல."

"நம்ம வீட்டு நெட்ட எவனோ திருடறான், நீங்க வேடிக்கை பாக்கறீங்க. வெட்டி விடுங்க மாப்ள!" என்றார் மாமனார்.

'தடை செய்' என்ற பொத்தானுக்கு மேல் மாப்பிள்ளையின் விரல் நின்றது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்கு உண்டு: நாற்பது விநாடி.

"ஆஸ்பத்திரியே உங்கள நம்பித்தான் ஓடுதுன்னு சொன்னீங்க," என்றாள் மனைவி.

பொத்தான் அழுத்தப்பட்டது.

பிங் பன்னிரண்டு.

அதன்பின் அப்டேட் யாரையும் கேட்காமல் ஓடியது. போன் அணைந்து மறுபடி கண் விழித்தபோது பதினொன்று ஐம்பத்தாறு. மாமனார் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் காய்களுக்கு முன்னால் அமர்ந்தார்.

பன்னிரண்டு ஆயிற்று. எதிராளி வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மாமனார் வெற்றி பெற்றதாகத் திரை அறிவித்தது.

"பயந்துட்டார்யா மனுஷன்!" மாமனார் எழுந்து மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மகளின் கையை. மாப்பிள்ளையை மட்டும் கட்டியே பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மாமியார் டேப்லெட்டை நீட்டி, அந்தக் கொலைகாரனையாவது இப்போது காட்டும்படி கேட்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் அவர் பின்னால் அடுக்களைக்குப் போனார்கள்.

மகள் மடிக்கணினியை மூடி வைக்கக் குனிந்தாள். தடை செய்யப்பட்ட கருவிகளின் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. கீழ்வீட்டு இணைப்பு பழுதான மாதத்தில் அவள் கணவனே தட்டச்சு செய்து வைத்த பெயர்.

'எங்க அப்பா.'

அவள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு இருபதுக்குத் தடை நீக்கப்பட்டது. கீழ்வீட்டுக் கைப்பேசியின் அப்டேட் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு முடிந்தது.