துணி ஆடாத நாள்

வடக்கே, பனிமலைக் கணவாய்க்குக் கீழே கடைசிக் குடிசையில் சிங்கராயன் தனியாக இருந்தார். சாலை போட வந்த கூட்டம் திரும்பிப் போனபோது அவர் மட்டும் தங்கிவிட்டார். வாசலுக்கு எதிரே ஒரு கம்பம், அதன் உச்சியில் சிவப்புத் துணி. துணி ஆடினால் மேலே காற்று, ஏறக் கூடாது. தொங்கினால் ஏறலாம். கணவாயைக் கடக்கப் புரட்டாசிதான் நல்ல பருவம் என்று எல்லோரும் சொன்னதால் நான் அப்போது போய் அவர் குடிசையில் தங்கியிருந்தேன்.

தினமும் காலையில், "போலாமா?" என்று கேட்பேன். அவர் கம்பத்தைப் பார்ப்பார்.

"இன்னைக்கு வேணாம் சார். துணி ஆடுது."

துணி அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நான் பூட்ஸைக் கழற்றுவேன். அவர் இரண்டு டம்ளர்களில் டீ ஊற்றுவார்.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஓடையின் ஓரமெல்லாம் உறைந்திருந்தது. சிங்கராயன் என் பையைத் தானே கட்டி வாசலில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கே கிளம்பிடுங்க சார். பனி மூடிட்டா வைகாசி வரைக்கும் மேலயும் போக முடியாது, கீழயும் போக முடியாது."

பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன். அந்தப் பக்கம் இறங்கினால் பஸ், அப்புறம் ரயில், அப்புறம் சாவியைக் கொடுத்துவைக்க ஆளில்லாமல் பூட்டிவிட்டு வந்த வீடு. நிமிர்ந்து பார்த்தேன். துணி துளிகூட அசையவில்லை.

"ஆடுதே," என்றேன்.

அவர் வெகுநேரம் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். இரண்டாவது டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது.