கடைசி இரண்டு பேர்

“எழுந்து நில்லும்மா. அந்தப் பென்சில் பாக்ஸை மேஜை மேல கொட்டு.”

அந்தப் பெண் கொட்டினாள். இரண்டு பேனா, ஒரு ஸ்கேல், பாதி தேய்ந்த ரப்பர். தேர்வுக் கண்காணிப்புக்கு வந்திருந்த மேடம் ரப்பரைக்கூட விடாமல் திருப்பிப் பார்த்தார். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம், உள்ளங்கை, மேஜையின் அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கேயும் ஒரு புள்ளிகூட இல்லை. அதுதான் மேடத்துக்கு இன்னும் எரிச்சல்.

பல்கலைக்கழகத்தில் மேடத்தைத் தெரியாத மாணவர் கிடையாது. தேர்வு தொடங்கும் முன் விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம் தாமதமானாலும் கதவு சாத்தியதுதான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கடிகாரம்’. அது மேடத்துக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

இன்று மறுதேர்வு. பத்து மணிக்கு முப்பது பேர் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டுக்கு மிச்சம் இரண்டே பேர். பின்வரிசையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர். இஸ்திரி மெஷினில் வலது கை பொசுங்கிப்போனதால், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொருத்தி இவள். பதினொன்றரைக்கே எழுதி முடித்து, கூடுதல் தாள்களைச் சேர்த்து நூல் கட்டிவிட்டாள். கட்டினவள் எழுந்து போக வேண்டியதுதானே? போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“முடிச்சிட்டா குடுத்துட்டுக் கிளம்பும்மா” என்று மேடம் சொல்லிப் பார்த்தார்.

“பரவால்ல மேடம். பெல் அடிக்கிற வரைக்கும் இருக்கேன்.”

“இருந்து என்ன பண்ணப் போற?”

“சும்மாதான் மேடம்.”

தேர்வு ஹாலில் சும்மா உட்கார யாருக்காவது ஆசை வருமா? மேடத்துக்கு இருபது வருஷ அனுபவம். பின்னால் இருப்பவரிடமிருந்து எதையோ வாங்கச் சமயம் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார். முன்வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தார். அங்கிருந்தும் திரும்பினாள். அதன் பிறகுதான் இந்தச் சோதனை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பன்னிரண்டே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டரைக்குத்தான். மறுதேர்வு நாட்களில் மேடம் எப்படியாவது அந்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இன்று அது போயே போச்சு.

ஒரு மணிக்கு பெல் அடித்தது. சலவை நிலையப் பெண்மணி கடைசி வரியை முடித்துவிட்டு விடைத்தாளை நீட்டினார். “இந்தத் தடவை அஞ்சு கேள்வியும் எழுதிட்டேன் மேடம்” என்று, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் முறைகேட்டுப் படிவத்தை எடுத்தார். எண் அச்சிட்ட படிவம். எழுதத் தொடங்கிவிட்டால் கிழித்துப் போட முடியாது, அலுவலகத்தில் ஒப்படைத்தே ஆக வேண்டும். அது மேலே போனால் இவள் இந்தப் பருவத்தில் எழுதிய தேர்வுகள் அத்தனையும் ரத்து. ‘விதியை மீறியவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். ‘மாணவர் விளக்கம்’ என்ற கட்டத்தைக் காட்டினார்.

“ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்னு உன் கையால எழுது.”

அவள் தயங்கினாள். “எழுதியே ஆகணுமா மேடம்? கையெழுத்து மட்டும் போட்டுடறேனே.”

“விதின்னா விதிதான். எழுது.”

எழுதினாள்.

‘போன மறுதேர்விலும் எனக்கு இதே ஹால்தான். அப்போது இந்தப் பாடம் எனக்குச் சுத்தமாக வரவில்லை. தெரிந்த நாலு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நான் வந்ததும் அந்த அக்கா தனியாகிவிட்டார். உடனே கண்காணிப்பாளர் நூலும் கையுமாக அக்காவின் மேஜைப் பக்கத்தில் போய் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். வாட்சைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். அக்கா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, பேப்பரைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். பெல் அடிக்க இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. இன்றைய தேர்வுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு என்று இன்று காலையில் வராண்டாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் இரண்டு பேர் இருந்தால் கண்காணிப்பாளர் போய் நிற்கமாட்டார் என்று நினைத்தேன். அக்கா இன்னும் எழுதுகிறாரா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. போன தடவை நான் சீக்கிரம் எழுந்து போனதுதான் தப்பு.’

மேடம் படித்தார். அந்தக் கண்காணிப்பாளர் யார் என்று அவள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. போன மறுதேர்வு நாளில் பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது மேடத்துக்கு நன்றாக நினைவிருந்தது. அழுதுகொண்டே போனவரின் முகம்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தேர்வுக்கு முழுதாக மூன்று மணி நேரம். இத்தனை வருஷமாக அவர் ஒப்பிக்கும் முதல் விதியே அதுதான். வெட்கத்தில் அவருக்குக் காது மடல்கள் சுட்டன. எதிரில் நிற்பவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீ போம்மா” என்றார்.

“அப்ப இந்த ஃபாரம், மேடம்?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

அவள் போனாள். மேடம் பேனாவைத் திறந்து, ‘விதியை மீறியவர்’ என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.