சீட்டில் எழுதிய பெயர்

பேருந்தை விட்டு இறங்கும்போதே திருமலையப்பன் மகளிடம் சொல்லிவிட்டார். "இங்க ஒம் பேரு ரேவதி. யாரு கேட்டாலும் அதான், என்ன?" மனநலப் பிரிவின் சீட்டில் சொர்ணவல்லி என்று எழுதினால் பெண் கேட்டு வந்தவர்களின் காதுக்கு எப்படியும் போய்விடும். அதற்காகத்தான் பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரி.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு வழக்கமாக வரும் அந்தப் பயம் வந்துவிட்டது. மூச்சு முட்டியது. "செத்துருவேம்ப்பா" என்று அவர் தோளைப் பற்றினாள்.

"எல்லாரும் பாக்காவ, சும்மா இரு." அவர் கையை விலக்கிவிட்டார்.

நர்ஸ் எஸ்தர் ஓடிவந்து அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். "ஒண்ணும் ஆகாது தாயி. இது வந்த மாதிரியே போயிரும். என்னப் பாத்து மெதுவா மூச்ச விடு. ஒம் பேரு என்ன, சொல்லு?"

சொர்ணவல்லி அப்பாவைத்தான் பார்த்தாள். "ரே... ரேவதி."

சாகப்போகிறோம் என்று நினைக்கிறபோதுகூட அவள் அவர் சொல்லிக்கொடுத்த பொய்யைக் காப்பாற்றுகிறாள் என்பது அவருக்கு உறைத்தது.

"கெட்டிக்காரி. அப்பா பேரு?"

அதை அவர் சொல்லிவைக்கவில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறாரோ, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவள் கண்கள் அவர் முகத்தில் தேடின. அடங்கிவந்த மூச்சு மறுபடியும் ஏறியது.

"திருமலையப்பன்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும் குரலில். "எம் மவ பேரு சொர்ணவல்லி."

எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொர்ணவல்லி, மூச்ச விடு தாயி."

மகள் இன்னும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், விடலாமா என்று கேட்பதுபோல.