முதலில் எது?

ஒரு குரங்குக்குக் கிடார் கிடைத்தது. நோயில் படுத்திருந்த மனைவிக்கு ஒரு பாட்டாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதற்கு ஆசை. எதை முதலில் கற்பது என்று மைனாவையும் முயலையும் கேட்டது.

"ஸ்வரம்தான்" என்றது மைனா.

"கார்ட்ஸ்தான், பல கம்பியைச் சேர்த்து மீட்டறது" என்றது முயல்.

இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டன. குரங்கு கம்பியைத் தொடாமலே காத்திருந்தது.

"எதையாவது வாசியேன். தப்பா இருந்தா என்ன, நான்தானே கேக்கப்போறேன்?" என்றது மனைவிக் குரங்கு.

"உனக்குப் போய் அரைகுறையாவா வாசிப்பேன்? கொஞ்சம் பொறுத்துக்கோ."

அந்த மழைக்காலத்தில் மனைவிக் குரங்கு கண்ணை மூடிவிட்டது. அடக்கம் முடிந்து குரங்கு மரத்தடிக்குத் திரும்பிக் கிடாரைக் கையில் எடுத்தபோது மைனாவும் முயலும் உற்சாகமாக ஓடிவந்தன.

"ஒருவழியா முடிவு பண்ணிட்டோம். முதல்ல கார்ட்ஸ்தான்!"

குரங்கு கிடாரைக் கீழே வைத்தது.

"கத்துக்கிட்டு, யாருக்கு வாசிக்க?" என்றது.